கல்லாவில் தொங்கும் டிக்-டிக் கவுண்டர்: பெருமாள்மலைக் கடையில் நாலு மாதம்

கொடைக்கானல் போகும் வழியில் இருக்கும் பெருமாள்மலையில், பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் டீக்கடை. டீ, காபி, உருளைக்கிழங்கு போண்டா, முட்டை பப்ஸ். போண்டா நாங்களே போடுவது. பப்ஸ் காலையில் பேக்கரி வண்டியில் வரும். மீந்தால் ரிட்டர்ன் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் பி.எஸ்சி. புள்ளியியல் படித்தேன். அந்தப் படிப்பு இந்த மலைக்கு வந்த பிறகு பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் தவிர வேறெதற்கும் உதவியதில்லை, 2025 பிப்ரவரியில் 180 ரூபாய்க்கு இந்தக் கவுண்டரை வாங்கும் வரை.

இரும்பு உடம்பு, உள்ளங்கையில் அடங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஓர் எண் கூடும். நான்கு இலக்கம், 9999 வரை போகும். பக்கத்தில் ஒரு திருகு. திருப்பினால் மறுபடி நான்கு பூஜ்யம். விரலில் மாட்ட ஒரு வளையம். வாசலில் நின்று தலை எண்ணுகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள், அதுதான்.

வாங்கிய அன்று எங்க வீட்டுக்காரர் கேட்டார்: "விக்கிறதுதான் நோட்டுல இருக்கே, இது எதுக்கு?" நியாயமான கேள்வி. விற்றது நோட்டில் இருக்கிறது. வந்து கேட்டு, இல்லை என்று தெரிந்து, திரும்பிப் போனவர்கள் எந்த நோட்டிலும் இல்லை. 40 பப்ஸ் வாங்கி 40-ம் விற்ற நாளில், அன்றைக்குத் தேவை 40 என்று நோட்டு சொல்லும். உண்மையில் 45-ஆ, 70-ஆ? தெரியாது. அதனால் பப்ஸ் தீர்ந்த நிமிடத்திலிருந்து கவுண்டரை எடுத்துக்கொள்வேன். "அக்கா, நாலு பப்ஸ்" என்று யாராவது கேட்டால் "இல்லைப்பா" என்று சொல்லிக்கொண்டே நாலு டிக். சாயங்காலம் விற்றதையும் டிக்கையும் கூட்டினால் அன்றைய தேவை.

இப்படி 30 வாரநாட்களின் தேவையை எழுதி, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினேன். அந்த 30-ல் 11 நாள் பப்ஸ் தீர்ந்துபோயிருந்தது. 'அப்ப இன்னும் பத்து கூட வாங்கணும்' என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்கு வேறு மாதிரி சொன்னது. ஒரு பப்ஸ் 12 ரூபாய்க்கு வாங்கி 20-க்கு விற்கிறோம். ஒன்று குறைந்தால் போவது 8 ரூபாய் லாபம், ஒன்று மீந்தால் போவது 12 ரூபாய் முதல். 8-ஐ 8-ம் 12-ம் சேர்ந்த 20-ஆல் வகுத்தால் 0.4. அதாவது நூற்றில் நாற்பது நாளின் தேவைக்குப் போதுமான அளவு வாங்கினால் போதும். 30-ல் அது 12. எனவே 30 நாள் வரிசையில் 12-வது இடத்தில் என்ன எண் இருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். அங்கே இருந்தது 36. கூட்டுவதற்குப் பதில் நாலைக் குறைத்தேன். வண்டிக்கார அண்ணன் "யாவாரம் டல்லாக்கா?" என்று இரக்கமாகக் கேட்டார்.

போண்டாவுக்கு இதே கணக்கு தலைகீழ். அடக்கம் 5 ரூபாய், விலை 15. குறைந்தால் 10 போகும், மீந்தால் 5 போகும். 10-ஐ 15-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. வரிசையில் 20-வது இடம். 50 போட்டுக்கொண்டிருந்த நாங்கள் 78-க்குப் போனோம். ஒரே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் இரண்டு பண்டத்துக்கு இரண்டு விதமான புத்தி. இப்போது பப்ஸ் தட்டு பாதி நாள் மூன்று மணிக்கே காலி. காலித் தட்டு கடைக்கு அழகில்லை என்று மாமியாருக்கு வருத்தம். அழகுக்கு அந்தத் தட்டிலும் போண்டாவை அடுக்கிவிட்டேன். பப்ஸ் இல்லை என்றால் பத்தில் ஆறு பேர் போண்டா வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது. அப்படிப் பார்த்தால் பப்ஸ் குறைவதால் வரும் நட்டம் 8 ரூபாய்கூட இல்லை. அந்தத் திருத்தத்தை இன்னும் கணக்கில் ஏற்றவில்லை.

இதைப் பாடத்தில் பேப்பர்காரர் கணக்கு என்பார்கள். இன்றைய பேப்பர் நாளைக்கு விலைபோகாது அல்லவா. 1888-லேயே எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர், வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்பதை இதே போக்கில் யோசித்திருக்கிறார். பரீட்சையில் இதற்குப் பதினைந்து மார்க் வாங்கினேன். பப்ஸ் தட்டைப் பார்த்ததும் அது ஞாபகம் வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, குறைகளுக்கு வருவோம். முதல் குறை, கவுண்டருக்குத் தலையும் தெரியாது, முகமும் தெரியாது. ஒரே ஆள் இரண்டு தடவை கேட்டாலும் இரண்டு டிக். ஒரு நாள் கடையில் நிற்கும் தம்பியிடம் இன்னொரு கவுண்டரைக் கொடுத்து, ஒரு மணி நேரம் இருவரும் தனித்தனியாக ரோட்டில் போகும் வண்டிகளை எண்ணினோம். எனக்கு 143, அவனுக்கு 151. புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பரப்பை மாதிரி எடுத்துக் கணக்கிட்டபோது, தனித்தனி ஆட்களை வைத்து எடுத்த கணக்குகளை ஒப்பிட்டுத்தான் பிசகைப் பிடித்தார். எங்கள் இருவருக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதுவரை கவுண்டர் சொல்லும். எந்த வண்டியை யார் விட்டோம் என்று சொல்லாது.

அது தெரிந்தால்தான் இருவருமே விட்டதைக் கண்டுபிடிக்க முடியும். வரையாடு கணக்கெடுப்பில் இரட்டைப் பார்வையாளர் முறை என்று ஒன்று உண்டு. ஒரு குழு முன்னால் போகும், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு குழு அதே வழியில் வரும். முதல் குழு 10 மந்தை, இரண்டாவது குழு 8, இரண்டிலும் பொதுவாக 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ஐ 8-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் சுமார் 13. இருவர் கண்ணிலும் சேர்ந்து பட்டது 12 மந்தைதான், ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். 2024-ல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடு, 2025-ல் 1,303 என்று அறிவித்ததற்குப் பின்னால் இந்த மாதிரி நோட்டு வேலை இருக்கிறது. டிக்-டிக் மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

இரண்டாவது குறை என்னுடையது, கருவியுடையது அல்ல. ரோட்டில் மணிக்கு எத்தனை வண்டி போகிறது என்று பார்க்க, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எண்ணி ஆறால் பெருக்கிக்கொண்டிருந்தேன். மலை ரோட்டில் ஒரு லாரி ஏறினால் பின்னால் இருபது கார் வால் பிடித்து வரும். என் பத்து நிமிடத்துக்குள் அந்த வால் விழுந்துவிட்டால் இருபது, நூற்றிருபது ஆகிவிடும். இப்போது தாயக்கட்டையை உருட்டி, வந்த எண்ணை வைத்து எப்போது எண்ணுவது என்று முடிவுசெய்து, மணிக்கு இரண்டு தடவை ஐந்தைந்து நிமிடம் எண்ணுகிறேன். பரவாயில்லை, எண்ணிக்கையின் ஆட்டம் குறைந்திருக்கிறது.

2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கோர்ட்டு உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டி என்று வரம்பு வந்தது. அதனால் எனக்கு யாவாரம் குறைந்ததா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். கவுண்டர் வைத்திருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. வரம்பும் பள்ளி விடுமுறையும் கையைக் கோத்துக்கொண்டு வந்தன. முந்தின வருஷம் ஏப்ரலில் நான் ஒரு டிக்கும் அடிக்கவில்லை. எதை எதோடு ஒப்பிடுவது? பழைய 30 நாள் வரிசையை ஓரமாக வைத்துவிட்டு ஏப்ரலுக்குப் புது வரிசை தொடங்கினேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

விரலில் மோதிரம் மாதிரி மாட்டும் டிஜிட்டல் கவுண்டரும் ஒன்று வாங்கிப் பார்த்தேன். மலைக்கு அது வேண்டாம். பனியில் விறைத்த விரலுக்குப் பட்டன் அமுங்கியதா இல்லையா என்று தெரிவதில்லை. ஒன்றுக்கு இரண்டாக விழும். இரும்பில் அந்த 'டிக்' காதிலும் கேட்கும், விரலிலும் தட்டும். டிஜிட்டல் கவுண்டர் மாமியாரிடம் போய்விட்டது. ராத்திரி 1008 தடவை 'ஓம் சரவணபவ' சொல்ல வைத்திருக்கிறார். "கூட விழுந்தா முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்கிறார். அந்த உபயோகத்துக்கு ஐந்துக்கு ஐந்து தரலாம்.

இரும்பு கவுண்டருக்கு என் மதிப்பெண் நாலு. மூன்றாவது மாதமே வளையத்தில் துரு வந்துவிட்டது. வாரம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுகிறேன். கல்லாவில் தொங்கவிடுவதாக இருந்தால் திருகு சுவர்ப் பக்கம் இருக்கும்படி மாட்டுங்கள். சில்லறைக்குக் காத்து நிற்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், திருகிப் பார்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு எனக்கு அப்படித்தான் போனது.