எந்த எல்ஃபை எடுப்பது? மூன்று மரபுகள், ஓர் அலசல்

மாயக்கதைக்கு எல்ஃப் (வட ஐரோப்பியக் கதைகளின் மாய இனம்) தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசனிடம் போய் நிற்பார்கள். 1220 வாக்கில் அவர் தொகுத்த எட்டா என்ற புராண நூலில் பாகுபாடு தயாராக இருக்கிறது: ஒளி எல்ஃபுகள் சூரியனைவிட அழகு, வாழிடம் ஆல்ஃப்ஹெய்ம், இருள் எல்ஃபுகள் தாரைவிடக் கருப்பு, வாழிடம் மண்ணுக்கடியில். இதை அப்படியே எடுத்தால் சிக்கல். பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) பாடல்களில் இந்தப் பிரிவினை இல்லை. அவற்றில் எல்ஃபுகள் தேவர்களோடு சேர்த்துப் பேசப்படுகிறவர்கள், அவ்வளவுதான். இருள் எல்ஃபையும் குள்ளர் என்ற இன்னொரு மாய இனத்தையும் பிரித்துக் காட்ட ஸ்னோரியாலேயே முடியவில்லை.

பழைய ஆங்கிலத்து எல்ஃபுக்கு இரண்டு முகம். ஆல்ஃப்ரெட் என்ற மன்னர் பெயரின் பொருள் ‘எல்ஃபின் ஆலோசனை’. விவிலியக் கதை நாயகி யூதித்தின் அழகைப் பாடும் கவிஞர் அவளை எல்ஃபுக்கு ஒப்பிடுகிறார். மறுபக்கம், பேயோவுல்ஃப் காவியத்தில் எல்ஃபுகள், விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீனின் சந்ததி. மருத்துவச் சுவடியான லாக்னுங்காவிலோ திடீர்க் குத்துவலிக்கு எல்ஃபின் அம்பும் ஒரு காரணம். அதற்கு ஃபீவர்ஃப்யூ, செந்நெட்டில், பிளான்டைன் (வாழை அல்ல, தரையொட்டி வளரும் களை) மூன்று மூலிகைகளையும் வெண்ணெயில் காய்ச்சி, மந்திரம் சொல்லி, கடைசியில் கத்தியை அந்தத் திரவத்தில் இடவேண்டும். நோயையும் அச்சத்தையும் எழுதுவதற்கு இதுதான் சரி. ஆனால் இந்த எல்ஃபுக்கு வீடு, குடும்பம், பேச்சு எதுவும் சுவடிகளில் இல்லை. உரையாடல் எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும்.

அதனால் கதைக்கு என் தேர்வு ஐஸ்லாந்தின் எல்ஃபுகளான ஹுல்டுஃபோல்க், அதாவது மறைந்த மக்கள். மனித உயரம், பாறைக்குள் வீடு, மாடு, தேவாலயம்கூட உண்டு. யோன் ஆர்னசனின் 1862–64 நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் விதிகள் தெளிவாக இருக்கின்றன. உதாரணத்துக்கு ஒன்று: கிறிஸ்துமஸ் அல்லது புத்தாண்டுக்கு முந்தைய இரவு நாற்சந்தியில் உட்காரவேண்டும்; எல்ஃபுகள் பொன்னையும் தின்பண்டத்தையும் நீட்டும்போது வாய் திறக்கக்கூடாது; விடிந்ததும் கடவுளைப் போற்றினால் அவர்கள் மறைவார்கள், செல்வம் மிஞ்சும். ஃபூசி என்பவன் பொன்னுக்கு மசியவில்லை. உருக்கிய கொழுப்பை நீட்டியதும் ‘இதை நான் மறுத்தது அபூர்வம்’ என்று கடித்தான், புத்தி பேதலித்தது.

எல்ஃப் என்றதும் நினைவுக்கு வரும் கூர்க்காது இந்த மூன்று மரபிலுமே கிடையாது. வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மரபு என்று மட்டும் சொல்லாதீர்கள்.