கிராப் சென்சார் கேமராவுக்கு நிலக்காட்சி லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

நான் கேட்டது கிராப் சென்சார் (படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியதாக இருப்பது) கேமராவுக்கென்றே தயாரிக்கப்பட்ட, 10 மி.மீ. குவியத்தூரத்தில் (இந்த எண் சிறிதானால் காட்சி அகலும்) தொடங்கும் அகலக்கோண ஜூம் லென்ஸ். எனக்கு விற்கப்பட்டதோ ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கான 24–70 எஃப்/2.8 லென்ஸ், அதுவும் புதியது என்று சொல்லி விற்கப்பட்ட, ஆனால் ஏற்கெனவே ஒருமுறை பிரிக்கப்பட்டு மீண்டும் பூட்டப்பட்டிருந்த லென்ஸ். இவை இரண்டும் வெவ்வேறு ஏமாற்றுகள். முதலாவது பலருக்கும் நடக்கிறது, ஆனால் அதை ஏமாற்று என்று பெரும்பாலோர் உணர்வதே இல்லை. ஆகவே அதையே விரிவாக எழுதுகிறேன்.

லென்ஸின் குவியத்தூரம் பற்றி விற்பனையாளர் சொன்னவற்றில் அப்பட்டமான பொய் என்று ஒரு வாக்கியத்தைக்கூடத் தனியே எடுத்துக் காட்ட முடியாது. அதுதான் இதன் ஆபத்து. "நிலக்காட்சிக்கு 24 மி.மீ. மிகவும் புகழ்பெற்ற அளவு" என்றார். உண்மைதான், ஆனால் அந்தப் புகழ் 36×24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் கிடைத்தது; அங்கே அது மூலைவிட்டமாக ஏறத்தாழ 84 பாகைக் காட்சியைப் பிடிக்கிறது. கிராப் சென்சாரின் அளவு நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம் கேமராக்களில் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ.; கேனானில் இன்னும் சற்றுச் சிறியது. அதே 24 மி.மீ. லென்ஸை அதில் பொருத்தினால் கிடைப்பது 61 பாகை அளவுதான். கேமராவோடு வரும் சாதாரண 18–55 கிட் லென்ஸ்கூட 18 மி.மீ.யில் 76 பாகையைக் காட்டுகிறது. அதாவது, கையில் ஏற்கெனவே இருந்த லென்ஸைவிடக் குறுகிய காட்சியைத் தரும் லென்ஸ், அகலக் காட்சிக்கென்று எனக்கு விற்கப்பட்டது.

கிராப் ஃபேக்டர் (சிறிய சென்சாரால் காட்சி எத்தனை மடங்கு குறுகுகிறது என்று காட்டும் எண்) பற்றி நான் கேட்டபோது, "குவியத்தூரம் லென்ஸின் இயல்பு, எந்தக் கேமராவில் மாட்டினாலும் அது மாறாது" என்று பதில் வந்தது. இதுவும் உண்மையே. மாறுவது குவியத்தூரம் அல்ல. லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தில் எவ்வளவு பகுதியைச் சென்சார் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் மாறுகிறது. அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை. லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை 1.5-ஆல், கேனான் என்றால் 1.6-ஆல் பெருக்கிப் பார்த்தால், ஃபுல் ஃபிரேமில் அதே காட்சியைத் தரும் அளவு தெரிந்துவிடும்: 24 என்பது 36 ஆகிறது, 16 என்பது 24 ஆகிறது, 10 என்பது 15 ஆகிறது. கிராப் சென்சாருக்கென்றே செய்யப்பட்ட லென்ஸ்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். "இதில் எழுதியிருப்பதே உண்மையான அளவு, பெருக்க வேண்டாம்" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எஃப்/2.8 அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) இல்லாமல் நிலக்காட்சி எடுக்க முடியாது என்றும் வலியுறுத்தப்பட்டது. விலையை ஏற்றுவதற்கு இதைவிட வசதியான வாதம் இல்லை. பகலிலோ மாலையிலோ முக்காலியில் வைத்து எடுக்கும் காட்சிக்கு நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் எஃப்/8-ஐ ஒட்டிய அபர்ச்சர்தான். கிராப் சென்சாரில் 18 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து ஏறத்தாழ இரண்டு மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டர் தொலைவிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும், 10 மி.மீ. என்றால் காலடியில் கிடக்கும் கல்லிலிருந்தே தெளிவு தொடங்கிவிடும். எஃப்/16-க்கு மேல் போனால் சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் மென்மையாகிவிடும் என்பதால், அந்தப் பக்கம் போகவும் தேவையில்லை. பால்வெளியையும் விண்மீன்களையும் எடுப்பவர்களுக்கு எஃப்/2.8 மெய்யாகவே தேவை. நான் அதைக் கேட்கவில்லை.

"நாளை ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கும்போது இந்த லென்ஸ் பயன்படும்" என்பது அடுத்த வாதம். எந்த மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் பூட்டும் அமைப்பு) என்பதைப் பொறுத்தது அது. கேனானும் நிக்கானும் 2018-இல் ஆர்எஃப், இசட் என்ற புதிய மவுண்ட்களுக்கு மாறிவிட்டன. உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் லென்ஸை அவற்றில் மாட்ட அடாப்டர் வேண்டும். என்றோ வாங்கப்போகும் கேமராவுக்காக, இன்று கையிலிருக்கும் கேமராவில் அகலக் காட்சி தராத கனமான லென்ஸைத் தலையில் கட்டுவது நேர்மையான ஆலோசனை ஆகாது.

காட்சி போதவில்லை என்றால் கிட் லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ளும்படி, 0.45 மடங்கு என்று அச்சிட்ட ஒரு மாற்றுக் கண்ணாடியையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை மாட்டி எடுத்த படங்களில் மூலைகள் குழைந்து போயின, மரக்கிளைகளின் விளிம்புகளில் ஊதாவும் பச்சையுமாக நிறக்கோடுகள் படர்ந்தன. இத்தகைய மலிவான கண்ணாடி எதுவும் அகலக்கோண லென்ஸுக்கு மாற்றாகாது.

இனி இரண்டாவது ஏமாற்று. 24–70 லென்ஸில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் வலப்பக்கம் மங்கலாகவே வந்தது. அகலமான அபர்ச்சரில் அப்படித்தான் இருக்கும் என்று விற்பனையாளர் தட்டிக்கழித்தார்; எஃப்/8-இலும் அதே மங்கல் இருந்தது. லென்ஸின் உட்கண்ணாடி மையம் விலகியிருந்தால் இப்படி ஒரு பக்கம் மட்டும் கெடும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. தொலைவில் உள்ள மரவரிசை போன்ற நுண்விவரம் நிறைந்த காட்சியை முக்காலியில் வைத்து ஒருமுறை எடுங்கள்; பிறகு கேமராவைத் தலைகீழாக்கி, ஃபோகஸை மாற்றாமல், அதே காட்சியை மீண்டும் எடுத்து, இரண்டு கோப்புகளையும் திருப்பாமல் ஒப்பிடுங்கள். காட்சி இடம் மாறிய பிறகும் படச்சட்டத்தின் அதே பக்கம் மங்கலாக இருந்தால், குறை பெரும்பாலும் லென்ஸில்தான்.

தயாரிப்பாளரின் சேவை மையத்தில் காட்டியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன: மவுண்ட்டின் திருகுகளில் ஏற்கெனவே கழற்றிய தடங்கள் இருந்தன, லென்ஸின் வரிசை எண்ணும் பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணும் வேறு வேறாக இருந்தன. இதை எழுத்தில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகும், "பெட்டி திறக்கப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற இயலாது" என்ற பதிலே கிடைத்தது. அதற்குப் பதிலாக, இந்த லென்ஸைப் பழைய பொருளின் விலைக்கு எடுத்துக்கொண்டு, நான் முதலில் கேட்ட 10 மி.மீ. லென்ஸை முழு விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். புதியதென்று விற்றதை அவர்களே பழையது என்று மதிப்பிட்டதுதான் எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கியது. அதை நான் ஏற்கவில்லை. சேவை மையத்தின் குறிப்பை இணைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. முதலில் உங்கள் கிட் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்துச் சில நாள் எடுத்துப் பாருங்கள். எஃப்/8-இல் அது பலரும் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கும். அகலம் போதவில்லை என்று உறுதியானால், உங்கள் கேமராவின் சரியான மாடல் பெயரைச் சொல்லி, அதில் ஆட்டோ ஃபோகஸ் இயங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நிக்கானின் ஏஎஃப்-பி (புதிய வகை ஃபோகஸ் மோட்டார் கொண்ட) 10–20 லென்ஸ் டி90, டி3100 போன்ற பழைய கேமராக்களில் சரிவர இயங்காது என்பதைச் சொல்லாமல் விற்பவர்களும் இருக்கக்கூடும். பணம் கொடுக்கும் முன் லென்ஸின் வரிசை எண்ணைப் பெட்டியோடும் உத்தரவாத அட்டையோடும் ஒப்பிட்டு, அந்த எண்ணும், "புதியது" என்ற சொல்லும், திரும்பப் பெறும் கால அளவும் ரசீதிலேயே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதித்தர மறுத்தால் அந்த இடத்தில் வாங்க வேண்டாம்.