அப்பாவின் இஎக்ஸ் 5: சுங்கை சிப்புட்டில் ஒரு மோட்டார் கடை

அப்பா சித்திரையில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே அவருடைய ஹோண்டா இஎக்ஸ் 5 மோட்டாரைப் பழைய இரும்புக்காரருக்கு 250 மலேசிய வெள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவைக் கேட்கவில்லை. வாசலில் அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சடைத்தது, அதுதான் காரணம். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாங்க. கடைசியில் 400 கொடுத்து அதே வண்டியைத் திரும்ப வாங்கினேன். அதற்குள் இரண்டு கண்ணாடியும் கழற்றப்பட்டிருந்தன.

அதைச் சரிசெய்யக் கொண்டுபோன இந்தக் கடை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நடத்துகிற அண்ணனும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான். பின்மட்கார்டைத் தடவிப் பார்த்ததுமே, "கட்டிப்பால் ஏத்துன வண்டியா தம்பி?" என்றார். மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், உறைந்த ரப்பர் பாலைச் சாக்கில் கட்டி ஏற்றினால் வடிகிற தண்ணீரில் ஆசிட் இருக்கும், இரும்பை அரித்துவிடும். கேரியருக்குக் கீழே முழுக்க அரிப்பு. வேறொரு கடையில் இதைப் பார்த்துவிட்டு, தூக்கிப் போடச் சொன்னார்கள். இவர் அரித்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து வெல்டிங் வைத்தார்.

ஆனால் வேலையைத் தொடங்கும் முன் ஒன்று சொன்னார். "அம்மாவ ஒருதரம் கூட்டிட்டு வாங்க. எத மாத்தலாம், எத மாத்தக்கூடாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

அத்தையிடம் சொல்லி அனுப்பினேன். அம்மா வந்தாங்க. டயர், செயின், பிரேக் எல்லாம் மாற்றலாம் என்றார்கள். கிழிந்த சீட்டை அப்பா டியூப் வாரால் தைத்திருந்தார், அதைத் தொடக்கூடாது. முன்விளக்குக்கு நான் வெள்ளை எல்இடி கேட்டிருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னாங்க: "மஞ்ச லைட்டே இருக்கட்டும் தம்பி. விடியக்காலம் அவர் ரப்பர் தீம்பாருக்குப் போறப்ப, கோயில் முக்குல திரும்புற வரைக்கும் அந்த லைட்டத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்."

அந்த வீட்டில் 28 வருசம் வளர்ந்தவன் நான். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் மஞ்சள் பல்பையே போட்டார். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், ஒயரிங் புதிது. கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார், இது எனக்கு மிகவும் பிடித்தது. மொத்தம் 520 வெள்ளி. இந்த வேலைக்கு அது நியாயமான விலை.

குறையும் உண்டு. ஐந்து நாள் என்றவர் ஒன்பது நாள் எடுத்தார். போன் எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும்.

பெயர் மாற்றும் முன் சாலையில் ஓட்டாதே என்று கண்டிப்பாகச் சொன்னதும் அவர்தான். இறந்தவர் பெயரில் உள்ள வண்டிக்கு மரணச் சான்றிதழ் மட்டும் போதாது. அமானா ராயா (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு நிறுவனம்) போன்ற இடத்தில் வாரிசுக் கடிதம் வாங்கி, அதன் பிறகுதான் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) போக வேண்டும். என்னைப் போல இருக்கிறவர்கள் இதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள்.

பணம் கட்டும்போது அம்மா பர்ஸிலிருந்து 200 வெள்ளி எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாங்க. மீதியை நான் கொடுத்தேன். அவருடைய சின்ன லாரியிலேயே வண்டியை ஏற்றி வந்தோம், முன்னால் அம்மா, பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நான்.