கிண்டியும் தோப்பூரும்: அரசு மருத்துவமனை கட்ட இரண்டு வழிகள்

கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 1,000 படுக்கைகள் கொண்ட பன்னோக்கு மருத்துவமனைக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது; 2023 ஜூன் 15 அன்று திறப்பு விழாவே முடிந்துவிட்டது. மதுரை தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டியும், முதன்மைக் கட்டுமானம் தொடங்க 2024 மார்ச் ஆயிற்று. திட்ட மேலாண்மை என்பது சாரம் கட்டிய பிறகு நடக்கும் வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஐந்தாண்டு இடைவெளி விளங்காது.

கிண்டியில் நிலம் அரசின் கையிலேயே இருந்தது. சுமார் 240 கோடி ரூபாயை மாநில அரசே ஒதுக்கியது. பணியை நடத்தியது பொதுப்பணித் துறை. நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என எந்தக் கோப்பும் தலைமைச் செயலகம் உள்ள கோட்டைக்கும் பொதுப்பணித் துறைத் தலைமையகம் உள்ள சேப்பாக்கத்துக்கும் அப்பால் போகத் தேவையில்லை.

தோப்பூரின் கதை வேறு. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது மதிப்பீடு 1,264 கோடி ரூபாய். செலவின் பெரும்பகுதியைத் தரவிருந்த ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2021 மார்ச்சில். அதாவது, அடிக்கல் நாட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. இதனிடையே 150 படுக்கைத் தொற்றுநோய்ப் பிரிவும் சேர, மதிப்பீடு 1,977.8 கோடியாக உயர்ந்தது. முதல் அணி மாணவர்கள் 50 பேர் 2022இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் படிப்பைத் தொடங்கினார்கள்.

இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முழு நியாயமாகாது. தோப்பூரில் எழுவது இருநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கல்லூரி, விடுதிகளோடு கூடிய ஒரு முழு வளாகம்.

கிண்டியைப் போல அரசுத் துறையே பணியை நடத்தும் துறைவழிக் கட்டுமானத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. தமிழ்நாட்டில் கட்டடத்தைப் பொதுப்பணித் துறை கட்ட, கருவிகளைப் பெரும்பாலும் மருத்துவப் பணிகள் கழகம் வாங்குகிறது. எம்.ஆர்.ஐ. அறையின் சுவர்களுக்குள் செம்புத் தகட்டுக் கவசமும், கருவியை உள்ளே கொண்டுவர வழியும், அதன் எடையைத் தாங்கும் தளமும் வேண்டும். எந்த மாதிரிக் கருவி என்பது பூச்சு முடிந்த பின் முடிவானால், சுவரை இடித்துக் கூடுதல் பணிக்குத் திருத்திய மதிப்பீடு போட நேரிடும். கட்டடத்தையும் கருவியையும் ஒரே ஆலோசகர் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தால் இந்தத் தொல்லை குறையும். ஆனால், வெளிக்கடன் திட்டத்தில் அந்த ஆலோசகரை அமர்த்துவதற்கே கடன் கொடுப்பவரின் நடைமுறைகளைப் பின்பற்ற வேண்டும்.

நிலமும் நிதியும் கையில் இருக்கும்போது, கருவிப் பட்டியலை ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே முடிவு செய்துகொண்டு துறைவழியில் கட்டுவதே என் தேர்வு. தோப்பூர் அளவிலான வளாகத்துக்குக் கடனைத் தவிர்ப்பது கடினம்தான். ஆயினும் புறநோயாளர் பிரிவை மட்டுமாவது தனிப் பணியாகப் பிரித்து, பட்ஜெட் நிதியில் 2019லேயே தொடங்கியிருக்கலாம்.