கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங்: தானே பதிப்பிக்கும் ஓர் எழுத்தாளரின் மதிப்புரை

நான் கோவில்பட்டியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் வேலை பார்க்கிறேன். கடந்த ஆறு ஆண்டுகளில் மூன்று நூல்களை அமேசானின் மின்னூல் வெளியீட்டுச் சேவையான கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் (கே.டி.பி.) வழியாக நானே வெளியிட்டிருக்கிறேன். அவை ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஒரு குறுநாவல், ஒரு கட்டுரைத் தொகுப்பு. மூன்றும் சேர்ந்து ஈட்டித் தந்த பணத்தில் ஒரு நல்ல மிதிவண்டி வாங்கலாம். கொஞ்சம் பேரம் பேசினால் அதற்கொரு பூட்டும் வாங்கலாம். ஆகவே, மின்னூல் எழுதி எவ்வளவு சம்பாதிக்கலாம் என்று அறிய விரும்புவோருக்கு இந்த மதிப்புரை உதவாது. பதிப்பகத்தின் வாசலில் காத்திராமல் தாமே எழுதித் தாமே வெளியிடுகிறவர்கள் எந்த இன்பத்துக்காக எழுதுகிறார்களோ, அந்த இன்பத்துக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் துணை நிற்கிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறேன்.

என் குறுநாவல் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நடப்பது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை; தகரக் கொட்டகையாக இருந்தாலும் அது ஆபீஸ்தான். முதலில் அதை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வந்த பதிலில், 'ஆபீஸ்' என்று வருமிடமெல்லாம் 'தொழிற்சாலை' என்று மாற்ற வேண்டும், வட்டார வழக்கைக் குறைக்க வேண்டும், அச்சுச் செலவில் ஒரு பங்கை நான் ஏற்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் இருந்தன. மூன்றாவதைக்கூடக் கடன் வாங்கியாவது நிறைவேற்றியிருப்பேன். முதலாவதற்கு மனம் ஒப்பவில்லை. தொழிற்சாலைக்குப் போகிற பெண் வேறு; விடியற்காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு "ஆபீஸுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்புகிற பெண் வேறு. அந்த இரண்டாமவளை எழுதுவதற்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்ததே சொந்தப் பதிப்பில் எனக்குக் கிடைத்த முதல் மகிழ்ச்சி. இன்றும் அதுவே பெரிய மகிழ்ச்சி.

இந்தப் பிடிவாதம் தமிழுக்குப் புதிதன்று. 1920இல் பாரதி தம் எழுத்துகள் அனைத்தையும் தாமே நூல்களாக்கத் திட்டமிட்டு, அச்சுச் செலவுக்குக் கடனுதவி கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 40 நூல்கள், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் என்பது அவருடைய கணக்கு. பணம் சேரவில்லை. மறு ஆண்டு அவரே இல்லை. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டைகளைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அந்த மூட்டையின் எடையை நினைத்துக்கொண்டு பார்த்தால்தான், ஒரு கோப்பைப் பதிவேற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்காரும் வசதியின் அருமை தெரியும்.

வசதி என்று சொல்லத்தக்க வகையில்தான் இந்தச் சேவை அமைந்திருக்கிறது. கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு 2016ஆம் ஆண்டின் இறுதியில் இடம் கிடைத்தது. அமேசான் கணக்கு ஒன்று இருந்தால் போதும். நூலின் விவரம், கோப்பும் அட்டைப்படமும், விலை என்று மூன்று பக்கங்களை நிரப்பினால் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் நூல் விற்பனைக்கு வந்துவிடுகிறது. கட்டணம் இல்லை. மின்னூலுக்கு, நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் தேவையில்லை. வேர்டு கோப்பையே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எழுத்து ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்க வேண்டும் என்பதை, பழைய எழுத்துருக்களில் பல ஆண்டுகள் தட்டச்சு செய்து சேமித்து வைத்திருப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. என் முதல் தொகுப்பின் பாதிக் கதைகள் அப்படிப்பட்ட எழுத்துருவில் இருந்தன. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தபோது, 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக வந்து உட்கார்ந்திருந்தன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடினால் அகப்படாது. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திய பத்து இரவுகளையும் நான் இன்பத்தின் கணக்கில்தான் எழுதுவேன். தன் பழைய வாக்கியத்தின்மேல் விரல் வைத்து, "இதையா அன்று பெருமையோடு எழுதினோம்" என்று கூச்சப்படும் வாய்ப்பு அப்போதுதான் அமைகிறது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பங்கு 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் நூலை, அதன் மின் வடிவத்தை அமேசானுக்கு மட்டுமே தரும் 'கே.டி.பி. செலக்ட்' திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். அச்சு நூலுக்கு வழக்கமாகப் பேசப்படும் 10 சதவீத ராயல்டியோடு ஒப்பிட்டால் 35கூடத் தாராளம்தான். ஒரு மாத விற்பனைக்குரிய தொகை, அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வங்கிக் கணக்குக்கு வருகிறது. அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பும் பகுதி ஒன்று உண்டு. அங்கு மட்டும் கணக்கெழுதுகிற எனக்கே வியர்த்தது.

பணத்தைவிட என்னை இந்தச் சேவையோடு கட்டிப்போட்டது, பக்கங்களைக் காட்டும் வரைபடம். மாதச் சந்தா கட்டி நூல்களை வாசிக்கும் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தின் சந்தாதாரர் ஒருவர் நம் நூலை எடுத்து வாசிக்கும்போது, அவர் வாசித்த பக்கங்களுக்கேற்பவே நமக்குப் பணம் கணக்கிடப்படுகிறது. 2015 ஜூலை முதல் இதுதான் முறை. ஒரு பக்கத்துக்கு வருவது சில காசுகள்தான். ஆனால் அந்தக் காசுக்காக அவர்கள் தரும் கணக்கு, அச்சு நூல் எழுதிய எந்த எழுத்தாளருக்கும் கிடைத்திராத ஒன்று. அச்சுப் பிரதி விற்றால், விற்றது என்று மட்டும் தெரியும். அது வாசிக்கப்பட்டதா, அலமாரியில் தூங்குகிறதா, திருமணப் பரிசாகக் கைமாறியதா என்பது தெரியவே தெரியாது. இங்கு ஒவ்வொரு நாளும் எந்த நாட்டுத் தளத்தில் எத்தனை பக்கங்கள் வாசிக்கப்பட்டன என்பது கோடாக எழுந்து நிற்கிறது. ஒரு மழைக்காலத்தில் கனடா தளத்தில் முதல் நாள் 61 பக்கமும், மறுநாள் சுழியமும், மூன்றாம் நாள் நூலின் மீதிப் பக்கங்கள் முழுவதும் பதிவாகியிருந்தன. அவர் யாரென்று தளம் சொல்லாது, சொல்லவும் கூடாது. அந்த நடு நாளில் அவருக்கு என்ன வேலை வந்தது, குழந்தைக்குக் காய்ச்சலா, பனி பெய்து வண்டி நின்றதா, அல்லது பதினோராம் அத்தியாயம் அலுப்பூட்டியதா என்று நான் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பின்பு பதினோராம் அத்தியாயத்தை எடுத்து வாசித்தேன். அலுப்பாகத்தான் இருந்தது. நான்கு பத்திகளை நீக்கிவிட்டேன்.

இதில் ஆபத்தும் உண்டு. கோடு எழுந்தால் காலைக் காப்பி இனிக்கிறது. விழுந்தால் அலுவலகத்தில் சிட்டை தவறாகப் போகிறது. சில மாதங்கள் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நாட்களில் எழுதிய ஒரு கதையில் பக்கம் கூட வேண்டும் என்பதற்காகவே ஒரு தாய்மாமனைக் கொண்டுவந்து சேர்த்தேன். பின்னர் அவரைச் சத்தமில்லாமல் ஊருக்கு அனுப்பிவைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே அறிக்கைப் பக்கத்தைத் திறப்பது என்று ஒரு விதி வைத்திருக்கிறேன்.

கோட்டைக் கண்டு கலங்காதவர்களும் இருக்கிறார்கள். கிண்டில் அன்லிமிடெட்டின் தமிழ்ப் பட்டியலைப் புரட்டினால் அடுத்தடுத்துக் கண்ணில் படுவன பெண்கள் எழுதும் குடும்ப நாவல்கள். அவர்களில் பலர் நாவலை முதலில் இணையத்தில் தொடராக எழுதி, 'அடுத்த எபி (எபிசோடு) எப்போது' என்று வாசகியர் நச்சரிக்க நச்சரிக்க முடித்து, பிறகு மின்னூலாக்குகிறவர்கள். சமையலறை வேலை முடிந்த பின்போ, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின்போ கைப்பேசியிலேயே தட்டச்சு செய்கிறவர்களும் அவர்களுள் உண்டு. இலக்கிய வட்டாரத்தில் இந்த நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஓர் இளக்காரச் சிரிப்பு எழும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். ஆனால், எழுதிய அன்றே வாசித்துவிட்டு, நாயகன் செய்தது சரியா தவறா என்று சண்டைக்கு வரும் வாசகர்கள் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறார்கள்? எழுதுவதன் இன்பத்தை ஒளிவுமறைவின்றி அனுபவிப்பவர்கள் அவர்கள்தான் என்பது இப்போது என் எண்ணம். இந்தச் சேவையும் அவர்களுக்கே மிகவும் பொருந்துகிறது: நீண்ட நாவல், விடாமல் வாசிக்கும் சந்தாதாரர், பக்கத்துக்குக் காசு.

குறைகளுக்கு வருகிறேன். 'செலக்ட்' திட்டத்தில் ஒரு நூலைச் சேர்த்தால், 90 நாட்களுக்கு அதன் மின் வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சு நூலுக்குத் தடையில்லை. மின் வடிவில் மாதிரிக்காக ஒரு பத்து சதவீதம் வெளியே இருக்கலாம், அவ்வளவுதான். 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் குறியை நாமே போய் எடுத்துவிட வேண்டும். கிண்டில் அன்லிமிடெட்டில் இடம்பெறவும், அந்த 90 நாளில் ஐந்து நாட்கள் நூலை இலவசமாகக் கொடுக்கவும் இந்தத் திட்டம்தான் வழி என்பதால் பலரும் யோசிக்காமல் சேர்ந்துவிடுகிறோம். பிரதிலிபி என்னும் கதைத் தளத்தில் ஏற்கெனவே கதை வைத்திருப்பவர் அதை எடுத்துவிட்டே சேர வேண்டும். தம் எழுத்து எல்லோருக்கும் போய்ச் சேரட்டும் என்று யாரும் பகிர்ந்துகொள்ளலாம் என்னும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்களுக்குக் கொடுத்தவருக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. எழுதியது தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகப் பதிப்பகத்தை விட்டு வந்தவர், இங்கே வேறொரு கையெழுத்தைப் போடுகிறார் என்பதை அறிந்தே போட வேண்டும்.

வாசகர் வாங்குவதிலும் சிக்கல் இருக்கிறது. 2022 முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கிண்டில் செயலிக்குள்ளேயே நூலை வாங்க முடிவதில்லை. உலாவியில் தளத்துக்குப் போய் வாங்கிவிட்டுச் செயலிக்குத் திரும்ப வேண்டும். என் சித்தப்பாவுக்கு இதைத் தொலைபேசியில் விளக்கிய நாற்பது நிமிடங்களில் ஒரு கதை எழுதியிருக்கலாம். கருவிகளைக் கொண்டு உருவாக்கிக் குவிக்கப்படும் நூல்களின் தொல்லை இன்னொரு பக்கம். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினீர்களா என்ற கேள்வியை 2023இல் படிவத்தில் சேர்த்தார்கள். ஒருவர் ஒரு நாளில் வெளியிடக்கூடிய நூல்களுக்கு மூன்று என்ற வரம்பையும் வைத்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று நூல் என்பது வரம்பா என்று, ஒரு பத்தியை மூன்று நாள் எழுதுகிற எனக்குத் தோன்றியது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பெரிய குறை, தமிழுக்கு இங்கே மின்னூல் மட்டுமே உண்டு என்பது. ஆங்கில நூலைக் கேட்கக் கேட்க அச்சடித்துக் கொடுக்கும் வசதி தமிழ் நூலுக்கு இல்லை. கிளை நூலகத்தின் அலமாரியிலும் கிண்டில் நூல் போய் நிற்காது. என் குறுநாவலில் வருகிற பெண்கள் யாரிடமும் கிண்டில் கருவி இல்லை. மாதச் சந்தா கட்டி வாசிப்பவர்களும் இல்லை. கனடாவில் ஒருவர் மூன்று நாளில் வாசித்து முடித்த கதை, அது நடந்த தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்ற நிலை எனக்கு உறுத்தியது. அதனால் உள்ளூரில் 50 பிரதிகள் மட்டும் அச்சடித்தேன். பிரதி ஒன்றுக்கு 96 ரூபாய் ஆயிற்று. மிதிவண்டி வாங்கும் எண்ணம் அத்துடன் போயிற்று.

அந்த ஐம்பதில் ஒன்றை, இருபது ஆண்டுகள் பெட்டி ஒட்டிய எங்கள் தெருப் பெரியம்மா ஒருவருக்குக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பத்து நாள் கழித்துப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். நடுவில் ஒரு பக்கத்தில் தீக்குச்சியை அடையாளமாகச் செருகியிருந்தார்.

"தம்பி, ஒரு குரோசுக்கு நூத்தி இருவத்து நாலு பெட்டின்னு போட்டிருக்கீகளே. நூத்தி நாப்பத்து நாலுல்ல. மிச்சம் இருவது பெட்டிய எங்க கொண்டு போயி வச்சீக?"

நான்கு முறை மெய்ப்புப் பார்த்திருந்தேன். நண்பர்கள் இருவர் வாசித்திருந்தார்கள். கனடாக்காரர் கடைசிப் பக்கம் வரை போயிருந்தார். கூலியையே குரோசுக் கணக்கில் வாங்கியவருக்குத்தான் அது பட்டது. "எழுத்துப் பிழை பெரியம்மா, திருத்திடறேன்" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆபீஸில் கணக்கப்பிள்ளைகள் சொல்லும் சமாதானத்தைப் போலவே அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மற்றபடி கதை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "எங்க ஆபீஸத்தான எழுதியிருக்கீக" என்று சொல்லிவிட்டு, காப்பி வேண்டாமென்று கிளம்பிவிட்டார்.

அன்றிரவே கோப்பில் எண்ணைத் திருத்திப் பதிவேற்றினேன். மறுநாள் மாலைக்குள் புதிய வடிவம் விற்பனைக்கு வந்துவிட்டது. அச்சுப் பிரதிகளில் 31 வீட்டில் இருந்தன. அவற்றில் ஒவ்வொன்றாகப் பேனாவால் 2ஐ 4ஆக்கினேன்.