பெயர் பொருந்தவில்லை: ஒரு மியூச்சுவல் ஃபண்ட் செயலியோடு சில ஆண்டுகள்

2020 பொதுமுடக்கக் காலத்தில் தொடங்கி இன்றுவரை ஒரே செயலி வழியாகத்தான் மியூச்சுவல் ஃபண்டில் முதலீடு செய்துவருகிறேன். அம்மா ஓய்வு பெற்ற பிறகு அவருக்கும் அதிலேயே கணக்குத் தொடங்கினோம். கணக்குத் தொடங்கிய வாரத்திலேயே ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்களின் பேச்சை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம். வங்கிக் கணக்கு மாறும்போதும், நாமினி சேர்க்கும்போதும், அவசரத்துக்குப் பணம் எடுக்கும்போதும்தான் ஒரு செயலியின் விண்ணப்ப வழியை எவ்வளவு யோசித்து அமைத்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செயலி தொடக்கத்திலேயே பான் எண்ணைக் கேட்கும். கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு ஏற்கெனவே முடிந்திருந்தால் அந்த விவரம் கேஆர்ஏ எனப்படும் பதிவு நிறுவனங்களில் இருக்கும். அங்கிருந்து எடுத்துக்கொண்டு நேராக வங்கி விவரத்துக்குப் போய்விடும். கேஒய்சி இல்லாதவர்களுக்கு ஆதாரை அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலிருந்து பெற்று, ஒரு சிறு காணொளியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளும். ஆளை நேரில் பார்த்து உறுதிசெய்யும் வேலையைச் செயலியில் காணொளி வழியாகச் செய்ய 2020 ஏப்ரலில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி அனுமதி கொடுத்தது. அதன் பயனை அந்த ஆண்டே அனுபவித்தவர்களில் நானும் ஒருவன். பாதியில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதும் பெரிய உதவி. என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை முதல் திரையிலேயே சொல்லிவிடுகிறார்கள். இதெல்லாம் சாதாரணம்தானே என்று தோன்றலாம். எல்லா விவரத்தையும் நிரப்பச் சொல்லிவிட்டுக் கடைசித் திரையில் ரத்து செய்த காசோலை கேட்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன.

அம்மாவின் கணக்கில்தான் சிக்கல் வந்தது. தமிழ்நாட்டில் பலரின் பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். கலைச்செல்வி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பான் விண்ணப்பத்தில் முழுப்பெயர் பகுதியில் இனிஷியலை ஏற்பதில்லை என்பதால் அட்டையில் ‘கலைச்செல்வி முருகேசன்’. ஆதாரில் ‘கலைச்செல்வி மு’. வங்கிப் புத்தகத்தில் ‘மு.கலைச்செல்வி’. மூன்றும் ஒருவர்தான் என்பது தெருவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. வங்கிக் கணக்கு அவருடையதுதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிக்கிறார்கள். வங்கி திருப்பித் தரும் பெயரும் பானில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ‘பெயர் பொருந்தவில்லை’ என்று ஒரு வரி வரும். எந்த ஆவணத்தில் உள்ள பெயர், எதோடு பொருந்தவில்லை, அடுத்து என்ன செய்வது என்று ஒன்றும் இருக்காது. அம்மா ஆதாரைத் திருத்தப் போகலாமா என்று யோசித்தார். நல்லவேளையாகப் போகவில்லை, இடித்தது வங்கியில் இருந்த பெயர்.

பிறகு வந்த ஒரு புதுப்பிப்பில் அந்தத் திரை மாறியது. இப்போது பானில் உள்ள பெயரையும் வங்கி சொல்லும் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டுகிறார்கள். அதற்குக் கீழே, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் ஓர் ஊழியர் பார்த்து முடிவு செய்வார் என்று இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் இந்தச் செயலியில் நடந்த மிகச் சிறந்த மாற்றம் இதுதான் என்று சொல்வேன். வண்ணம் மாற்றியதும், முகப்பில் வரைபடம் சேர்த்ததும் இதற்கு ஈடாகாது. ஒருவரை வாசலில் நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று சொல்லத்தான் வேண்டும்.

கேள்விகளுக்கும் இது பொருந்தும். ‘நீங்கள் அரசியல் தொடர்புள்ள நபரா?’ என்று ஒரு கேள்வி. ‘கட்சிக் கூட்டத்துக்குப் போனதைக் கேட்கிறார்களா?’ என்றார் அம்மா. அமைச்சர், நீதிபதி, உயர்நிலை அரசு அதிகாரி போன்ற பெரிய பொறுப்பில் இருப்பவர்களையும் அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தினரையும் பற்றிய கேள்வி அது. ஒரே ஒரு விளக்க வரி போதும். அதைச் செய்யாமல் ‘இல்லை’ என்பதை முன்கூட்டியே தேர்வு செய்து வைத்திருக்கிறார்கள். இது சட்டப்படியான உறுதிமொழி. விண்ணப்பிப்பவர் புரிந்துகொண்டு தன் விரலால் தொட வேண்டிய இடம்.

மாதாமாதம் ஒரு தொகையைத் தானாக எடுத்து முதலீடு செய்யும் எஸ்ஐபிக்கான வங்கி அனுமதியிலும் இதே குறை. மாதம் 2,000 ரூபாய்தான் போடப்போகிறோம், அனுமதித் திரையிலோ ‘அதிகபட்சம் 25,000’ என்று வருகிறது. அது உச்சவரம்பு மட்டுமே; பின்னால் தொகையைக் கூட்டினால் மறுபடி அனுமதி வாங்காமல் இருப்பதற்காக வைப்பது. இதைச் சொல்லாததால் பயந்து அந்த இடத்திலேயே விலகியவர்களை எனக்குத் தெரியும். யுபிஐ வழியாகவே இந்த அனுமதியைக் கொடுக்கும் ஆட்டோபே வந்த பிறகு அனுமதி உடனே கிடைத்துவிடுகிறது, ஆனாலும் விளக்கம் வரவில்லை.

மூன்று மணிக் கணக்கை மட்டும் அழகாகச் சொல்கிறார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து, பணம் ஃபண்டின் கைக்குப் போய்ச் சேரும் நேரத்தை வைத்துத்தான் எந்த நாள் என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டின் விலை, என்று முடிவாகிறது. பங்குச் சந்தை ஃபண்டில் போடும்போது, ‘பணம் மூன்று மணிக்குள் சேர்ந்தால் இன்றைய விலை, தாண்டினால் அடுத்த வேலை நாள் விலை’ என்று பணம் செலுத்தும் பொத்தானுக்கு மேலேயே எழுதியிருக்கிறது. தெரிய வேண்டிய நேரத்தில் தெரிய வேண்டிய செய்தி.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஃபண்ட் தேர்வுப் பக்கத்தில். கடந்த ஆண்டு லாப விகிதம் பெரிய பச்சை எழுத்தில் நிற்கிறது. ஃபண்டில் எவ்வளவு ஆபத்து என்று காட்டும், ஆறு நிலை கொண்ட ரிஸ்க் மீட்டர் கீழே சின்னதாக. ஓராண்டுக்குள் எடுத்தால் பிடிக்கும் வெளியேற்றக் கட்டணம் இன்னொரு இணைப்புக்குள். வாங்குவதற்கு மூன்று தொடுதல் போதும். விற்பதற்கு மெனுவுக்குள் மெனுவாகத் தேட வேண்டும். எஸ்ஐபியை நிறுத்தப் போனால் ‘உங்கள் கனவைக் கைவிடுகிறீர்களா?’ என்று கேட்கிறது. வாடிக்கையாளரைக் குற்ற உணர்ச்சியால் கட்டிப்போடும் இத்தகைய உத்திகளை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாகவே தடைசெய்கின்றன. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவரிடம் இப்படிக் கேட்பது அநாகரிகம்.

தமிழில் பயன்படுத்தும் வசதியும் இருக்கிறது. ‘முகப்பு’, ‘அமைப்புகள்’ எல்லாம் தமிழில் வந்துவிட்டன. உறுதிமொழிகளும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. எது புரியாதோ அதை முதலில் மொழிபெயர்க்க வேண்டாமா?

நாமினிப் பக்கத்தில் ஒரு சின்ன விஷயம். மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றார் அம்மா. மூவருக்கும் 33.33 போட்டால் கூட்டுத்தொகை 100 வரவில்லை என்று திரை மறுக்கிறது. ஒருவருக்கு 33.34 போட்டுத்தான் முடித்தோம். ‘சமமாகப் பிரிக்கவும்’ என்று ஒரு பொத்தான் வைத்தால் தீர்ந்தது. 2025 முதல் பத்துப் பேர் வரை நாமினியாகச் சேர்க்கலாம் என்று ஆகிவிட்ட பிறகு இது இன்னும் அவசியம்.

செயலியை விடவில்லை, விடும் எண்ணமும் இல்லை. எல்லா ஃபண்டுகளும் சரியாக இருக்கின்றனவா என்பதை எல்லா நிறுவன ஃபண்டுகளையும் ஒரே இடத்தில் காட்டும் எம்எஃப் சென்ட்ரல் தளத்திலும் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள், முதல் தவணை போடுவதற்கு முன்பே பணம் எடுக்கும் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிடுங்கள். பான், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முந்தின நாளே சரிபாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் வங்கிக் கிளைக்குப் போய்ப் பெயரைத் திருத்தக் கேளுங்கள். எங்களுக்கு அதுதான் எளிதாக முடிந்தது.