கன்செஷனா, குத்தகையா?

அரசு ஏற்கெனவே கட்டி ஓட்டிவரும் குடிநீர் அமைப்பைத் தனியாரிடம் விடுவது என்று முடிவாகிவிட்டது. சரி, எந்த வழியில்? முதலீட்டுப் பொறுப்பையும் சேர்த்து நீண்டகாலத்துக்கு ஒப்படைக்கும் கன்செஷனா, நடத்துவதை மட்டும் விடும் குத்தகையா?

முதலீடு: கன்செஷனில் குழாய் மாற்றுவது முதல் விரிவாக்கம் வரை நிறுவனத்தின் பணம். குத்தகையில் பெருஞ்செலவு அரசுடையது.

காலம்: கன்செஷன் பெரும்பாலும் 25, 30 ஆண்டு. குத்தகை 10, 15.

ஆபத்து: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா 1997-இல் நகரை இரண்டாகப் பிரித்து 25 ஆண்டுக்குக் கன்செஷன் கொடுத்தது. அரசு வாரியத்தின் பழைய வெளிநாட்டுக் கடனில் சுமார் 90 சதவீதம் மேற்குப் பகுதி நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அதே ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி. அந்நாட்டு நாணயமான பெசோ சரிந்தது, டாலர் கடன் வீங்கியது, நிறுவனம் நொடித்தது. கிழக்குப் பகுதி தாக்குப்பிடித்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல் 1996-இல் குத்தகை வழியைத் தேர்ந்தெடுத்தது. சொத்தும் பெருமுதலீடும் அரசு நிறுவனத்திடம். வசூலும் பராமரிப்பும் தனியாரிடம். கசிவு, வசூல் இலக்கைத் தவறினால் தனியாரின் வருமானம் குறையும். எனக்குப் பிடித்த நிபந்தனை இதுதான்.

கட்டணம்: இரண்டிலும் அரசியல்தான். முதலீட்டை மீட்க வேண்டியிருப்பதால் கன்செஷனில் உயர்த்தும் அழுத்தம் கூடுதல்.

அரசுக்கு மலிவான கடன் கிடைக்கிறது, நிர்வாகம்தான் மோசம் என்றால் குத்தகை. கஜானா காலி, ஆனால் உள்ளூர் நாணயத்தில் நீண்டகாலக் கடனும் கட்டணத்தையும் சேவையையும் கண்காணிக்கும் உறுதியான ஒழுங்குமுறை ஆணையமும் உண்டு என்றால் கன்செஷன். ஆணையமே இல்லையா? முதலில் அதை அமைக்கட்டும், அப்புறம் டெண்டர் விடலாம்.